உள்மடிப்பு மூன்று இஞ்ச்

போன வாரம் திருப்பூரிலிருந்து நிவேதா கூப்பிட்டாள். நான் வேலையை விடுவதற்குச் சற்று முன்பு என்னிடம் பயிற்சிக்குச் சேர்ந்த பெண். இப்போது ஒரு பெரிய ஏற்றுமதிக் கம்பெனியில் சட்டைகளின் வெட்டு வரைபடத்தை நிரலாக எழுதிக்கொண்டிருக்கிறாள். நலம் விசாரிப்பெல்லாம் இல்லை.

"சார், காலருக்கு ஆஃப்செட் குடுத்தா முனையில கொம்பு மாதிரி ஒண்ணு நீட்டிக்கிட்டு வருது சார்."

"எவ்வளவு நீளம்?"

"தோளத் தாண்டிப் போயிருச்சு சார்."

எனக்கு ஆயாசமாக இருந்தது. துணியைத் தைக்கிற கோடு ஒன்று, வெட்டுகிற கோடு இன்னொன்று. தைக்கிற கோட்டிலிருந்து சீரான தூரம் வெளியே தள்ளி வெட்டுகிற கோட்டைப் போடுவதுதான் ஆஃப்செட். பக்கவாட்டில் அது ஒழுங்காகத்தான் போகும். முனை வந்தால் இரண்டு பக்கத்துக் கோடுகளும் வெளியே ஒன்றையொன்று சந்திக்கிற வரை ஓடிக்கொண்டே இருக்கும். முனை எவ்வளவு கூரோ சந்திப்பு அவ்வளவு தூரம். "ஒரு எல்லை வைத்து மழுக்கிவிடு" என்று நான் சொல்லிக்கொடுத்து, அவள் தலையாட்டி, அதற்குச் சான்றிதழும் வாங்கிப் போயிருக்கிறாள்.

"முனை மட்டுந்தான் சார் பிரச்சினை. மத்தபடி கோடு எல்லாத்தையும் சாஃப்ட்வேர் லைப்ரரியே ஜாயின் பண்ணிருது."

"பண்ணும். எதை எதோடு சேர்க்க வேண்டும் என்று அதற்குத் தெரியுமா?"

"உங்க காலத்துல இதெல்லாம் எப்படிப் பண்ணீங்கன்னு எழுதி வைங்க சார், எங்களுக்கு உதவியா இருக்கும்" என்றாள். உங்கள் காலமாம். என் தலையில் இன்னும் முடி இருக்கிறது, அதில் பாதி கறுப்பு. இருந்தாலும் எழுதுகிறேன். எழுதாவிட்டால் அடுத்த வாரமும் கூப்பிடுவாள்.

கணக்கில் பட்டம் வாங்கிவிட்டு, அதை வைத்துக்கொண்டு என்ன செய்வது என்று தெரியாமல், தேனியில் ஒரு கம்ப்யூட்டர் சென்டரில் பேசிக் என்ற நிரல்மொழி சொல்லிக்கொடுத்துக்கொண்டிருந்தேன். தொண்ணூறுகளின் பிற்பகுதி. பிள்ளைகள் திரையில் வட்டம் போட்டுக் கைதட்டிக்கொள்வார்கள். அதற்குமேல் சொல்லிக்கொடுக்க எனக்கும் தெரியாது. ஒருநாள் வெள்ளைச் சட்டையும் கழுத்தில் மஞ்சள் இஞ்ச் டேப்புமாக ஒருவர் உள்ளே வந்தார். பஜாரில் துணிக்கடையும் உத்தமபாளையத்தில் தையல் கூடமும் வைத்திருந்த பாக்கியநாதன். பள்ளிக்கூட யூனிஃபார்ம்தான் அவருக்குத் தொழில்.

"தம்பி, இந்தப் பொட்டி வட்டம் போடுங்குறாக. டவுசர் போடுமா?"

போடும் என்றேன். அந்தக் காலத்தில் கணக்குப் படித்தவன் சம்பளத்தோடு எதைக் கேட்டாலும் ஆகும் என்றுதான் சொல்வான்.

இடுப்பு, உயரம், தொடை, பாட்டம் அளவுகளைக் கொடுத்தால் எல்லா சைஸுக்கும் நிரல் தானே வரைய வேண்டும், திருப்பூரில் பழசாக வாங்கி வந்த பிளாட்டர் என்ற வரைமிஷின் அதைத் தாளில் போட வேண்டும், அந்தத் தாளைத் துணி அடுக்கின் மேல் விரித்து வெட்ட வேண்டும். வேலை இவ்வளவுதான். பிளாட்டரை ஓடவிடும் முன் முதலாளி கண்ணை மூடிச் சின்னதாக ஒரு ஜெபம் செய்வார். என் நிரலைப் பார்த்த பிறகு ஜெபம் நீளமாயிற்று.

அவர் சத்தம் போட்டு நான் கேட்டதில்லை. சத்தம் போட்டிருந்தால் தேவலை. தாள் வெளியே வந்ததும் கழுத்திலிருந்து டேப்பை எடுத்து, குனிந்து, ஒவ்வொரு பக்கமாக நிதானமாக அளப்பார். சரியாக இருந்தால் டேப் அவர் கழுத்துக்கே திரும்பிவிடும். தப்பாக இருந்தால் ஒரு வார்த்தை பேசாமல் டேப்பை என் கழுத்தில் போட்டுவிட்டுக் கடைக்குப் போய்விடுவார். கூடத்தில் இருக்கிற பெண்கள் எல்லாரும் அதைப் பார்ப்பார்கள். முதல் வருடம் பெரும்பாலும் நான் மாலையோடுதான் நின்றேன்.

அந்த மாலைகளில் பாதிக்குக் காரணம் கட்டிங் மாஸ்டர் காசிராஜன். அனுமந்தன்பட்டிக்காரர். இந்தப் பள்ளத்தாக்கில் டவுசர் போட்டு வளர்ந்தவர்களில் பாதிப்பேர் தன் கத்தரிக்குத் தப்பவில்லை என்பது அவருடைய கணக்கு. அவர் அட்டையில் கோடு போட்டுக் காட்டுவார், நான் அதன் புள்ளிகளை அதே வரிசையில் கம்ப்யூட்டரில் ஏற்றுவேன். இடுப்பில் சாக்பீஸை வைத்தால் வெளிப்பக்கக் கோடு சரசரவென்று கீழ் ஓரம் வரை இறங்கும். அங்கே சாக்பீஸைத் தூக்கிவிடுவார். திரும்ப மேலே போய், உட்பக்கக் கோட்டையும் மேலிருந்து கீழே இழுப்பார்.

என் நிரல் ஒரு கோட்டின் முடிவை அடுத்த கோட்டின் தொடக்கத்தோடு சேர்க்கும். வெளிப்பக்கம் கீழ் ஓரத்தில் முடிந்தது, உட்பக்கம் மேலே தொடங்கியது. அதனால் டவுசருக்குக் குறுக்கே பூணூல் மாதிரி ஒரு கோடு. அதைத் தடுக்க, பக்கத்தில் எந்த நுனி இருக்கிறதோ அதோடு சேர்க்கும்படி மாற்றினேன். குறுக்குக் கோடு போயிற்று, வேறொன்று வந்தது. ஆஃப்செட், கோடு போகிற திசைக்கு இடதுகைப் பக்கமாகத் தள்ளும். இரண்டு கோடும் கீழ்நோக்கி வந்தால், ஒன்றில் தையலுக்கான துணி வெளியே சேரும், மற்றதில் உள்ளே தின்னும். தொடையின் ஒரு பக்கம் வேட்டி மாதிரி, மறுபக்கம் உறை மாதிரி. டேப் என் கழுத்துக்கு வந்தது.

"மாஸ்டர், உட்பக்கத்த மட்டும் கீழ இருந்து மேல போடுங்க. சுத்தி வந்தாப் போதும்."

"கீழ இருந்தா? செத்தவனுக்கா தைக்கிறேன்? உடுப்பு இடுப்புல இருந்துதான் சார் இறங்கும். சாக்பீஸும் அப்படித்தான்."

"கம்ப்யூட்டருக்குத் திசை வேணும் மாஸ்டர்."

"அதுக்குத் திசை தெரியலன்னா நீங்கதானே சொல்லிக்குடுக்கணும். சம்பளம் உங்களுக்குத்தானே தர்றாக."

சாக்பீஸைத் திருப்பும் முயற்சியைக் கைவிட்டேன். சேர்ப்பதற்கு முன் ஒவ்வொரு கோட்டையும் சோதித்து, எதிர்த்திசையில் வந்தால் புள்ளிகளைத் தலைகீழாக்கிவிட்டு, பிறகு சேர்த்து, பிறகுதான் ஆஃப்செட் என்று எழுதினேன். சேர்க்காமல் தள்ளாதே, திசை பார்க்காமல் சேர்க்காதே. நிவேதா, இது உனக்கு. தன் பிடிவாதத்தால்தான் நிரல் திருந்தியது என்று காசிராஜன் கூடம் முழுக்கச் சொல்லிக்கொண்டிருந்தார். அது உண்மை என்பதுதான் எனக்கு எரிச்சல்.

இனி பேண்ட் விஷயம்.

எங்கள் பக்கம் பிள்ளைக்கு யூனிஃபார்ம் எடுக்க வரும் தாய் சட்டையையோ டவுசரையோ வெளியிலிருந்து பார்க்க மாட்டாள். வாங்கியதும் உட்பக்கம் திருப்பி, ஓரத்தில் எவ்வளவு துணி மடித்து வைத்திருக்கிறது என்று பார்ப்பாள். "வளர்ற புள்ள" என்பாள். இந்த வருடம் மடித்துத் தைத்ததை அடுத்த ஜூனில் பிரித்து இறக்கிவிட வேண்டும். ஏலத்தோட்டத்துக்கும் திராட்சைத் தோட்டத்துக்கும் போகிற வீடுகளில் ஒரு உடுப்பு இரண்டு வருடம் ஓட வேண்டும், அது பேச்சுக்கு இடமில்லாத சட்டம். அரைக்கால் டவுசரில் இது எனக்குத் தொல்லை தரவில்லை. அதன் பக்கங்கள் ஏறக்குறைய நேராக இறங்கும். கீழே எவ்வளவு துணியைச் சேர்த்தாலும் மடித்தால் உட்காரும், பிரித்தால் தொங்கும்.

அப்போது எங்களுடைய பெரிய வாடிக்கையான பள்ளி ஒன்று, ஆறாம் வகுப்பிலிருந்து பையன்களுக்கு முழுக்கால் பேண்ட் என்று முடிவெடுத்தது. தலைமையாசிரியை பாட்டம் குறுகலாக, நறுக்கென்று இருக்க வேண்டும் என்றார். மதுரைக் கம்பெனி ஒன்று ஏற்கெனவே மாதிரி கொடுத்துவிட்டது. இரண்டையும் பெற்றோர் கூட்டத்தில் வைத்து முடிவு செய்வார்களாம்.

முதலாளி கூடத்துக்கு வந்து நின்றார்.

"பள்ளிக்கூடம் மதுரைக்குப் போயிருச்சுன்னா இந்த சீசனோட கூடத்த மூடிருவேன். கடைக்கு ரெடிமேடு வாங்கி வித்துக்கலாம். முன்னாடியே சொல்லிட்டேன், பின்னால யாரும் வருத்தப்படக் கூடாது."

போய்விட்டார். அவர் இப்படித்தான், இடியை டேப் மாதிரி அமைதியாகப் போட்டுவிட்டுப் போவார். தையல் வரிசையின் சூப்பர்வைசர் செல்வராணி என் மேசைக்கு வந்தார். இங்கே சேர்வதற்கு முன் கம்பம் பக்கம் திராட்சைத் தோட்டத்தில் மருந்தடித்த கொடிகளைக் கவாத்துப் பண்ணிக்கொண்டிருந்தவர். புறங்கையிலிருந்து முழங்கை வரை தோல் செதில் செதிலாக உரிந்து, புண் ஆறவே இரண்டு மழைக்காலம் ஆயிற்று என்பார்.

"மூடிட்டாக்க நான் திரும்ப அங்கனதான் சார் போகணும். வேற என்ன தெரியும் எனக்கு? இந்தக் கையி தாங்காது. பேண்ட்ட ஒழுங்காப் போட்டுக் குடுத்துருங்க."

பேண்ட் கீழே போகப் போகக் குறுகுகிறது. பக்கக் கோடுகளை அப்படியே மூன்று இஞ்ச் நீட்டி மடிப்புத் துணியைச் சேர்த்தேன். துணியின் ஓரம் பாட்டத்தைவிடச் சிறிதாகிவிட்டது. அதை மேலே மடித்தால் அங்கே கால் அகலம். சின்னதைப் பெரியதோடு வைத்துத் தைத்தால் இழுக்கும், சுருக்கம் விழும். விழுந்தது. காசிராஜன் அதை இரண்டு விரலால் தூக்கிப் பிடித்தார்.

"கணுக்கால்ல சுருக்குப்பை தச்சுருக்கிக சார். வெத்தலை பாக்கு வச்சுக்கலாம்."

மடிப்புக் கோட்டைக் கண்ணாடியாக நினைத்து, மேலே இருப்பதன் பிம்பத்தைக் கீழே போட வேண்டும் என்று எனக்கும் தெரியும், அவருக்கும் தெரியும். இருவருமே தான்தான் முதலில் சொன்னதாக இன்றைக்கும் நம்புகிறோம். மடிப்புக்குக் கீழே பக்கங்களை வெளிநோக்கி விரித்து, பிம்பத்தின் திசையைத் திருப்பி, மேல் கோட்டோடு சேர்த்து, பிறகு ஆஃப்செட். ஒரு சுருக்கம் இல்லை. இஸ்திரி போட்டதும் பாட்டம் பிளேடு மாதிரி நின்றது. முதலாளி அளந்தார். டேப் அவர் கழுத்துக்குத் திரும்பியது.

பெற்றோர் கூட்டம். மேசைமேல் எங்கள் பேண்ட், பக்கத்தில் மதுரை பேண்ட். மதுரைக்காரர் டை கட்டி வந்திருந்தார். தலைமையாசிரியை எங்களுடையதைத் தடவிப் பார்த்து, "நீட்டா இருக்கு" என்றார். எங்களோடு வந்திருந்த செல்வராணி மூச்சு விட்டது எனக்குக் கேட்டது.

அப்போது முன்வரிசையிலிருந்து ஓர் அம்மா எழுந்து வந்தார். தேவாரத்திலிருந்து வந்திருந்த பேச்சியம்மாள். யாரையும் கேட்கவில்லை. பேண்ட்டை உட்பக்கம் திருப்பினார். வளையலில் கோத்திருந்த ஊக்கைக் கழற்றினார். மடிப்புத் தையலில் நுழைத்து இழுத்தார். நூல் வந்துகொண்டே இருந்தது.

"அம்மா, அது சாம்பிள்" என்றார் முதலாளி.

"சாம்பிளுன்னா பிரிக்காம எப்படிய்யா பாக்குறது? அடுத்த வருசம் நான்தானே பிரிக்கணும்."

ஒரு காலைப் பிரித்து இறக்கி, மேசைமேல் விரித்து நீவினார். முழங்காலிலிருந்து ஒழுங்காகக் குறுகி வந்த பேண்ட், மடிப்புக் கோட்டில் மனம் மாறி, கடைசி மூன்று இஞ்சுக்கு வெளியே விரிந்து நின்றது.

"ஏ ஆத்தா, இதென்ன கீழ குடை விரிக்குது?"

பின்வரிசையிலிருந்து ஒருவர், "விடு தாயி, உம்மகன் திருவிழாவுல கரகத்துக்கு ஆடட்டும்" என்றார். கூட்டம் சிரித்தது. தலைமையாசிரியையும் கைக்குட்டையால் வாயை மூடிக்கொண்டார். மதுரைக்காரர் இதுதான் சமயம் என்று, "எங்க பேண்ட்ல இந்தப் பிரச்சினையே வராதுங்க" என்றார்.

பேச்சியம்மாள் அதையும் திருப்பிப் பார்த்தார். விரல்கடை அளவுகூட மடிப்பு இல்லை.

"எப்படி வரும்? பிரிக்கிறதுக்கே ஒண்ணும் இல்லையே. இத எடுத்தா வருசா வருசம் எடுக்கணும், நீங்களா குடுப்பிக?"

அந்த ஒரு கேள்விதான் எங்களைக் காப்பாற்றியது. அடுத்த வெள்ளிக்கிழமை மறுபடி வாருங்கள், இரண்டு பேருமே மாற்றிக்கொண்டு வாருங்கள் என்றார் தலைமையாசிரியை. பஸ்ஸில் முதலாளி என் பக்கத்தில்தான் உட்கார்ந்திருந்தார். சின்னமனூர் வந்தபோது டேப்பைக் கழற்றி என் கழுத்தில் போட்டார். பஸ்ஸில் இருந்தவர்கள் ஏதோ கட்சியில் சேர்ந்துவிட்டேன் என்று நினைத்திருப்பார்கள்.

இதில் யார்மேலும் பழி போட முடியாது என்பதுதான் கொடுமை. மடித்தால் உட்கார வேண்டும் என்றால் துணி கீழே விரிய வேண்டும். பிரித்தால் அழகாக இருக்க வேண்டும் என்றால் துணி கீழே குறுக வேண்டும். இந்த வருடத்துப் பேண்ட்டும் அடுத்த வருடத்துப் பேண்ட்டும் ஒரே துணியில் இருந்துகொண்டு சண்டை போட்டன. உலகத்தில் எந்தப் பாடப்புத்தகமும் இந்தச் சண்டையை எழுதவில்லை. புத்தகம் எழுதுகிறவர்கள் பேண்ட்டைப் பிரிப்பதில்லை போலிருக்கிறது.

"பாதிக்குப் பாதி விரிச்சா?" என்றார் காசிராஜன்.

"ரெண்டு வருசமும் பாதி அசிங்கமா இருக்கும்."

"அப்ப ஒரு வருசமாவது முழுசா அசிங்கமா இருக்கட்டுமா? என்னமோ பேசுறிக."

தாளில் கோடுகளைப் போட்டுப் போட்டுப் பார்த்தேன். கண்ணாடிக்கு முன்னால் எது நின்றால் பிம்பமும் அசலும் ஒரே மாதிரி இருக்கும்? சாயாத கோடு. நேர்க்கோடு. அதாவது குறுகுவதை மடிப்புக் கோட்டில் முடிக்கக் கூடாது. அதற்கு மூன்று இஞ்ச் முன்பே, கெண்டைக்காலுக்குக் கீழே முடித்துவிட்டு, அங்கிருந்து இரண்டு பக்கமும் ஒன்றுக்கொன்று இணையாக இறங்க வேண்டும். அப்போது மேலே மடித்தாலும் அதே அகலம், கீழே இறக்கினாலும் அதே அகலம். எவ்வளவு எளிது என்று தோன்றியதும் எனக்குச் சந்தேகம் வந்துவிட்டது. நியாயந்தான்.

சாய்கோடு நேர்க்கோட்டைச் சந்தித்த இடத்தில் ஒரு மடக்கு. தைத்துப் பார்த்தால் கால் அங்கே முறிந்து கட்டுப்போட்ட மாதிரி இருந்தது. இரண்டுக்கும் நடுவே ஒரு வளைவைச் செருகினேன். மேல் நுனியில் சாய்கோட்டின் திசை, கீழ் நுனியில் நேர்க்கோட்டின் திசை, இடையில் யாருக்கும் தெரியாமல் திரும்ப வேண்டும். பிறகு பக்கத் தையலுக்கு ஒரு இஞ்ச், ஓரத்தில் மூன்று இஞ்ச். இரண்டு அகலங்களும் மூலையில் சந்திக்கும்போது எது எதோடு சேரும் என்ற தகராறு. பக்கத்தை முதலில் தள்ளி, அதை மடிப்புக்குக் கீழே இறக்கி, ஓரக்கோட்டால் வெட்டி, அதன் பிறகே சுற்றுக்கோட்டை மூட வேண்டும். வரிசை மாறினால் மூலையில் ஒரு துண்டு துணி காணாமல் போகும். போயிற்று. மூன்று முறை போயிற்று. கம்ப்யூட்டர் சொன்னதைத்தான் செய்யும் என்கிறார்கள். சொன்னதை மட்டும் செய்யாமல் கொஞ்சம் விசாரித்துச் செய்தால் என்ன குறைந்துவிடும் என்று அன்றைக்கு அதைப் பார்த்துக் கேட்டேன். செல்வராணி தண்ணீர் கொண்டுவந்து வைத்துவிட்டுப் போனார்.

ஒருவழியாகத் தைத்து முடித்ததும் காசிராஜன் சுற்றி வந்து பார்த்தார்.

"போலீஸ்காரன் பேண்ட் மாதிரி இருக்கு."

"சுருக்கம் இருக்கா?"

"இல்ல."

"பிரிச்சா விரியுதா?"

"அதுவும் இல்ல. அதுக்காகப் போலீஸ்காரன் பேண்ட் மாதிரி இல்லைனு சொல்ல முடியுமா?"

முதலாளி அதைப் பிரித்தார், மறுபடி மடிக்கச் சொன்னார், மறுபடி பிரித்தார். அவர் முகத்தில் ஒன்றும் தெரியவில்லை. டேப் என் கழுத்திலேயே இருந்தது. எடுக்க மறந்துவிட்டாரா, தீர்ப்பு அதுதானா என்று கேட்க எனக்குத் தைரியம் இல்லை.

வெள்ளிக்கிழமை பேச்சியம்மாள் தயாராக வந்திருந்தார். இந்த முறை ஊக்கு இல்லை, பாதி பிளேடு. ஒரு காலைப் பிரித்தார், மறுகாலை மடிப்போடு விட்டார். இரண்டையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்து நீவினார். ஒன்று நீளம், ஒன்று குட்டை. மற்றபடி வித்தியாசம் இல்லை. கண்ணருகே கொண்டுபோய்ப் பார்த்தார். குற்றம் கண்டுபிடிக்க வந்தவர் குற்றம் கிடைக்காமல் நிற்கிற கஷ்டம் முகத்தில் தெரிந்தது. மதுரைக்காரரும் மடிப்பு வைத்து வந்திருந்தார். அவருடையதைப் பிரித்தபோது என்ன நடந்தது என்று நான் சொல்ல வேண்டியதில்லை. போன வாரம் எங்களுக்கு நடந்ததுதான்.

"இவுகளதே இருக்கட்டும் டீச்சர்" என்றார் பேச்சியம்மாள். உடனே எங்கள் பக்கம் திரும்பி, "மூணு இஞ்ச் பத்தாது. நாலா விடுங்க. எங்க வீட்டுல எல்லாம் நெட்டைப் பயலுக" என்றார்.

நான்கு என்றால் நேராக இறங்கும் பகுதி இன்னும் மேலே ஏற வேண்டும், வளைவு இடம் மாற வேண்டும், எல்லாச் சைஸையும் மறுபடி சேர்த்து மறுபடி தள்ள வேண்டும். நான் வாயைத் திறப்பதற்குள் முதலாளி, "அதுக்கென்னம்மா, சாரு ஒரு பட்டன தட்டுனா மாறிரும்" என்றார். இந்தத் தொழிலில் நான் கேட்ட பொய்களில் மிகவும் அமைதியாகச் சொல்லப்பட்டது அதுதான்.

ஆர்டர் வந்தது. கூடம் மூடவில்லை. அந்த வருடம் முழுக்கப் பேண்ட் தைத்தோம்.

அடுத்த ஜூனில் கடையில் புதுப் பேண்ட் அடுக்கு அப்படியே இருந்தது. ஆறாம் வகுப்புக்கு எடுத்ததோடு சரி. ஏழுக்கும் எட்டுக்கும் யாரும் வாங்கவில்லை. ஏன் வாங்க வேண்டும்? பழைய பேண்ட்டில் நான்கு இஞ்ச் காத்துக்கொண்டிருந்தது. தாய்மார்கள் பை பையாகப் போன வருடத்துப் பேண்ட்டுகளைக் கொண்டுவந்து கூடத்தில் கொட்டினார்கள். பிரித்து, இறக்கி, புது ஓரம் அடித்துக் கொடுக்க வேண்டுமாம். நீங்கள் தைத்ததுதானே, நீங்களே பிரியுங்கள் என்று நியாயம் பேசினார்கள். முதலாளி ஒரு காலுக்கு இவ்வளவு என்று ஏதோ ஒரு கூலி வைத்தார்.

மிஷின்கள் நின்றுவிட்டன. கூடம் முழுக்கப் பெண்கள் தரையில் உட்கார்ந்து, தாங்களே தைத்த தையலை பிளேடால் பிரித்துக்கொண்டிருந்தார்கள். நூல் துணுக்கு எல்லார் தலையிலும். அவ்வளவு தூரம் நன்றாகப் பண்ணியிருக்க வேண்டியதில்லை என்று காசிராஜன் என்னிடம் வந்து சொன்னார்.

செல்வராணி நிமிர்ந்தார்.

"சார், தைக்கிறதவிட இது ரெண்டு பங்கு வேல. கண்ணு பூத்துப் போகுது. இதுக்கு நான் பேசாம திராட்சைக்கே போயிருப்பேன்."

"போயிருக்கலாமே" என்றேன், நூலைத் தட்டிவிட்டுக்கொண்டு.

"போயிருப்பேன்" என்றார் மறுபடியும். சேலை முந்தானையில் கையைத் துடைத்துக்கொண்டு, அடுத்த பேண்ட்டை எடுத்து உட்பக்கம் திருப்பினார்.